சுங்கைப் பட்டாணி ஊசி வைத்தியத்துக்குப் பாக்கியத்தோடு போனது

போன மாதம் குனோங் ஜெராய் மலைக்குப் போய்வந்ததைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த இரண்டு மூன்று பேர், "இந்த வயசுல எப்படிம்மா நடக்கிறீங்க, முட்டி வலிக்காதா?" என்று கேட்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் சுங்கைப் பட்டாணியில் சீன ஊசி வைத்தியத்துக்குப் போக நினைத்திருக்கிறாராம். ஊசி வலிக்குமா, வீக்கம் வற்றுமா, எத்தனை தடவை போகவேண்டும், எல்லாவற்றையும் விவரமாக எழுதச் சொன்னார். எழுதலாம். ஆனால் நான் முதன்முதலில் ஊசிக்குப் போன கதையை எழுதினால் முட்டியோடு நிறுத்த முடியாது. கூட வந்தவளைப் பற்றியும் எழுதவேண்டும். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சுக்குள் லேசாக எரியும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அது மலாயாவில் அவசரகாலம் நடந்துகொண்டிருந்த சமயம்; வெள்ளைக்கார அரசாங்கத்தோடு சண்டை போட்ட கம்யூனிஸ்டுகள் காட்டில் இருந்தார்கள். எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். புக்கிட் செலம்பாவிலிருந்து உள்ளே ஒன்றரை மைல் தள்ளி ஒரு ரப்பர் தோட்டத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மரம் வெட்டிக்கொண்டிருந்தோம், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுப்பது. தோட்டத்து லயன் வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறும் மருந்தும் போய்விடக்கூடாது என்று கேட்டில் எல்லோரையும் சோதனை போட்டுத்தான் வெளியே விடுவார்கள். ஒரு கைப்பிடி அரிசி மடியில் இருந்தாலும் தொலைந்தோம்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், மேட்டு மர நிரையில் பால் வாளியோடு இறங்கும்போது வழுக்கி விழுந்தேன். வலது முட்டி ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது. அன்று மத்தியானத்துக்குள் பப்பாளிப் பழம் மாதிரி வீங்கிவிட்டது. தொட்டால் சுட்டது. தோட்டத்து மருந்துக் கொட்டகையில் வெள்ளைத் தைலமும் மாத்திரையும் கொடுத்தார்கள். வீக்கம் ஒரு நாள் குறையும், மறுநாள் ஏறும். ஒரு மாதமாகியும் மேடு ஏற முடியவில்லை. வேலைக்கு வராதவர்கள் பேரை வெட்டிவிடுவார்கள் என்று கங்காணி என் காதில் படும்படியே யாரிடமோ சொல்லிக்கொண்டு போனார். அப்படிப் பேர் போனால் இரண்டு பேர் சம்பளத்தை நம்பி ஓடிய குடும்பம் ஒருத்தர் சம்பளத்தில் நிற்கும்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர் சொன்னார். "சுங்கைப் பட்டாணில ஒரு சின்சே இருக்காராம். ஊசி குத்தியே வீக்கத்த எறக்கிடுவாராம். பாக்கியம் வேல செய்யிற கடைத் தவுக்கேக்குத் தோள்பட்டையே தூக்க முடியாம இருந்துச்சு. இப்ப மூட்ட தூக்குறாரு."

சின்சே என்றால் சீன வைத்தியர், தவுக்கே என்றால் முதலாளி. இதில் எனக்குச் சின்சே பெரிதாகப் படவில்லை. பாக்கியம்தான் பட்டாள்.

பாக்கியம் யார் என்று சொல்லிவிடுகிறேன். அவள் பிறப்பால் சீனப் பெண். பச்சைக் குழந்தையாக இருக்கும்போதே சிடாம் கிரி பக்கத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் காலத்தில் அப்படி நிறைய நடந்தது. பெண் குழந்தை வேண்டாம் என்று கொடுப்பார்கள், பிள்ளை இல்லாத நம் ஆட்கள் ஆசையாக வாங்கி வளர்ப்பார்கள். அவளை வளர்த்த வீட்டுக்கு அடுத்த வீடு என் வீட்டுக்காரருடையது. இரண்டு பேரும் ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்கள். வளர்ந்த பிறகு அவள் புக்கிட் செலம்பாவில் ஒரு சீன மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே சீனமும் கற்றுக்கொண்டாள். வெள்ளை வெளேரென்று இருப்பாள். பொட்டு வைத்து, பூ வைத்து, சேலை கட்டி வந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். நான் கறுப்பு. அதோடு முட்டியில் பப்பாளிப் பழம் வேறு.

இதற்கெல்லாம் மேல், அவள் என் வீட்டுக்காரரைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். மாணிக்கம் என்றுகூட இல்லை, மாணி. அந்தப் பேரை நான் வாயால் உச்சரித்ததே கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் படித்ததோடு சரி.

"அவ எதுக்கு? நாம ரெண்டு பேரும் போனா பத்தாதா?" என்று கேட்டேன்.

"சின்சேக்குத் தமிழ் தெரியாது, நமக்குச் சீனம் தெரியாது. எங்க வலிக்குது, எப்படி வலிக்குதுன்னு யாரு சொல்றது? பாக்கியம் வரட்டும் லா" என்றார். ஏற்கெனவே அவளிடம் சொல்லிவைத்துவிட்டார் என்பது பேச்சின் முடிவில் அவர் இழுத்த அந்த 'லா'விலேயே தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புறப்பட்டோம். காலை ஆறரைக்கு கேட்டில் சோதனை முடிந்தது. புளியோதரை கட்டிக்கொண்டு போகலாம் என்றால் கேட்டைத் தாண்டிச் சோறு போகாது, அதனால் வெறும் வயிற்றோடு கிளம்பினோம். ஒன்றரை மைல் செம்மண் சாலை. என்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து அவர் தள்ளிக்கொண்டே வந்தார். அந்த ஒன்றரை மைல்தான் பயணத்தில் எனக்குப் பிடித்த பகுதி. புக்கிட் செலம்பாவ் கடைத்தெருவில் பாக்கியம் ஏற்கெனவே நின்றிருந்தாள். பச்சைச் சேலை. சைக்கிளைக் கடையில் விட்டுவிட்டு எட்டு மணி பஸ் பிடித்தோம். ஆளுக்கு நாற்பது காசு. சுங்கைப் பட்டாணி அங்கிருந்து ஏறத்தாழ பத்து மைல்தான். நடுவில் ஒரு இடத்தில் போலீஸ் மறித்து அடையாளக் கார்டு பார்த்ததால் ஒரு மணி நேரம் ஆனது.

பஸ்ஸில் நானும் அவளும் ஒரு சீட்டில். அவர் முன் சீட்டில் அமர்ந்து, வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே வந்தார். எங்களிடம் பேசினார் என்று சொல்லவேண்டும். ஆனால் ஆறு குளித்தது, மாங்காய் அடித்தது, யாரோ ஒரு கிழவரின் ஆட்டை அவிழ்த்துவிட்டது, இதெல்லாம் எனக்குத் தெரியாத கதைகள். அவர் பாதி சொன்னால் அவள் மீதி சொல்வாள். எனக்கு ஜன்னல் இருந்தது.

சுங்கைப் பட்டாணியில் இறங்கி முதலில் ஒரு பாய் கடையில் ரொட்டியும் தேத்தண்ணியும் சாப்பிட்டோம். ஊசிக்குப் போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், வெறும் வயிற்றோடு போகக்கூடாது. மயக்கம் வந்துவிடும்; சாப்பிட்டாச்சா என்பதுதான் சின்சே கேட்ட முதல் கேள்வியே.

சின்சேயின் கடை பஸ் நிற்கும் இடத்திலிருந்து நொண்டிக்கொண்டே நடந்தால் பத்து நிமிஷம். முன்னால் மருந்துக் கடை. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள், காய்ந்த வேர், பட்டை வாசனை. பின்னால் ஒரு துணித் திரை, அதற்குள் மரப் பலகைக் கட்டில். சின்சே ஒல்லியான மனிதர், ஐம்பது வயதிருக்கும், கையில்லாத வெள்ளைப் பனியன். என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகுதான் முட்டியைத் தொட்டார். சுற்றிலும் அமுக்கி அமுக்கி, எங்கே கத்துகிறேன் என்று பார்த்தார். நான் சொல்வதைப் பாக்கியம் சீனத்தில் சொன்னாள், அவர் சொல்வதைத் தமிழில் சொன்னாள்.

"ராத்திரில வலி கூடுதான்னு கேக்குறாரு."

"ஆமா."

"மாசாமாசம் தீட்டு ஒழுங்கா வருதான்னு கேக்குறாரு."

என் முட்டிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லவேண்டியிருந்ததே, அதுதான் எனக்குப் பெரிய வலியாக இருந்தது. "வருது" என்றேன் திரையைப் பார்த்து.

"அப்ப இன்னும் ஒன்னும் இல்லையா?" என்றாள். இதைச் சின்சே கேட்டாரா, அவளாகவே கேட்டாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இப்போது ஊசி விஷயம். நம் ஊர் ஆஸ்பத்திரி ஊசி மாதிரி இல்லை. உள்ளே ஓட்டை கிடையாது, மருந்தும் கிடையாது. மயிரிழையை விடக் கொஞ்சம் தடிமன். கொதிக்கிற வெந்நீர்க் கிண்ணத்திலிருந்து எடுத்து, சாராயத்தில் நனைத்த பஞ்சால் துடைத்துத்தான் குத்தினார். முட்டிச் சில்லுக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி இருக்கிறதே, அங்கே ஒவ்வொன்று. முட்டிக்குக் கீழே கால் எலும்பின் வெளிப்பக்கம் ஒன்று. தொடையில் ஒன்று. பிறகு, சம்பந்தமே இல்லாமல், இடது முழங்கையில் ஒன்று. குத்தும்போது எறும்பு கடித்த மாதிரிதான் இருந்தது. அதற்குப் பிறகு ஊசியைப் பிடித்து மெல்லத் திருகினார்.

"வந்துடுச்சான்னு கேக்குறாரு" என்றாள் பாக்கியம்.

"என்ன வரணும்?"

"வலி மாதிரி ஒன்னு வருமாம். ஆனா வலி இல்லையாம்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வந்தது. கால் கனத்தது. முட்டியிலிருந்து பாதம் வரை உள்ளுக்குள் ஏதோ இறங்கிப்போன மாதிரி ஒரு மதமதப்பு. "ஐயோ" என்றேன். சின்சே சந்தோஷமாகத் தலையாட்டினார். அது வந்தால்தான் ஊசி சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தமாம்.

அரை மணி நேரம் அசையாமல் படுத்திருக்கச் சொல்லிவிட்டு எல்லோரும் திரைக்கு வெளியே போய்விட்டார்கள். ஐந்து ஊசியோடு நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கொஞ்ச நேரத்தில் வெளியே பேச்சு கேட்டது. அவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவள் சிரித்தாள். அவர் மறுபடி சொன்னார். அவள் இன்னும் சத்தமாகச் சிரித்தாள். அவரும் சிரித்தார். வீட்டில் என்னிடம் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் பேசாத மனிதர். சோறு நன்றாக இருந்தால் இன்னொரு தடவை வாங்கிச் சாப்பிடுவார், அதுதான் அவர் பாராட்டு. அந்த மனிதருக்குள் இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது?

என்ன பேசுகிறார்கள் என்று கேட்கத் தலையைத் தூக்கினேன். காதில் விழவில்லை. எழுந்து உட்காரலாம் என்று காலை இழுத்தேன். முட்டி ஊசி பிடித்துக்கொண்டு சுரீரென்றது. நான் கத்தியதில் சின்சே திரையை விலக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"ஜாங்கான் கெராக்! ஜாங்கான் கெராக் லா!" என்று கத்தினார். அசையாதே என்று மலாயில் சொன்னார். நல்ல தெளிவான மலாய். எனக்குத் தெரிந்த மலாய்.

நான் அப்படியே அவரைப் பார்த்தேன். "தவுக்கே தாவு சாக்காப் மெலாயு?" என்று கேட்டேன், உங்களுக்கு மலாய் பேசத் தெரியுமா என்று. "தாவு லா" என்றார். ஏன் தெரியாது என்பது போல. இங்கே கடை வைத்திருப்பவருக்கு மலாய் தெரியாமல் இருக்குமா? எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். அப்படியென்றால் இவள் எதற்கு வந்தாள்?

மீதி நேரம் முழுக்க நான் படுத்து யோசித்தது அதைத்தான். உங்களுக்கு உண்மையைச் சொல்கிறேன். ஊசி எடுத்துவிட்டு எழுந்து நின்றபோது கால் லேசாக இருந்தது. ஒரு மாதமாக முழுசாக மடங்காத முட்டி பாதிக்கு மேல் மடங்கியது. அதற்குச் சந்தோஷப்படக்கூட எனக்குத் தோன்றவில்லை.

சின்சே கட்டணம் இரண்டு வெள்ளி, அதாவது இரண்டு மலாயா டாலர். ஒட்டிக்கொள்ளக் கறுப்புப் பத்தும், ஊறவைத்துக் கழுவக் காய்ந்த இலையும் ஒரு பொட்டலம், அது தனியாக ஒரு வெள்ளி. வாரம் இரண்டு தடவையாக இன்னும் ஐந்து தடவை வரவேண்டும் என்றார். காய்ந்த இலைச் சுருட்டைப் பற்றவைத்து முட்டிக்குப் பக்கத்தில் காட்டிச் சூடு கொடுக்கும் வைத்தியமும் அவரிடம் உண்டு. ஆனால் என் முட்டியே கொதித்துக்கொண்டிருப்பதால் இப்போது நெருப்பு வேண்டாம், சூடு தணிந்த பிறகுதான் என்று சொல்லிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸிலும் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பாக்கியம் என்னிடம் இரண்டு தடவை "வலிக்குதா?" என்று கேட்டாள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன்.

காலையில் நிறுத்திய அதே இடத்தில் மறுபடி பஸ்ஸை நிறுத்தினார்கள். மத்தியானம் மூன்று மணி இருக்கும். இந்தத் தடவை எல்லோரையும் இறக்கினார்கள். ஒரு மலாய்க் கார்ப்பரல், அவரோடு துப்பாக்கி பிடித்த இரண்டு மூன்று ஸ்பெஷல் கான்ஸ்டபிள்கள். அதில் ஒருவன் தமிழ்ப் பையன், மீசை அரும்பி இருந்தது. கார்ப்பரல் எங்கள் மருந்துப் பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். யாருக்கு மருந்து என்றார். நான் சேலையைக் கொஞ்சம் தூக்கிக் கறுப்புப் பத்து ஒட்டிய முட்டியைக் காட்டினேன். அது போதும் போலிருந்தது. பிறகு பாக்கியத்தின் அடையாளக் கார்டை வாங்கினார். கார்டைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார்.

பேர் தமிழ்ப் பேர், முகம் சீன முகம், பக்கத்தில் ஒரு பொட்டலம் மருந்து. அந்தக் காலத்தில் இது விளையாட்டு இல்லை. காட்டுக்காரர்களுக்கு மருந்து கடத்தினார்கள் என்று பிடித்துப்போனவர்கள் மாசக்கணக்கில் திரும்பாமல் இருந்தார்கள்.

கார்டு வேறு யாருடையதோ என்றார் கார்ப்பரல். இவள் ஸ்டேஷனுக்கு வரட்டும், விசாரிக்கவேண்டும் என்றார். பாக்கியம் "சாயா ஓராங் தமில், தோக்" என்றாள், நான் தமிழ் ஆள் ஐயா என்று. பயத்தில் குரல் மாறிப்போயிருந்தது. அந்தக் குரலில் கேட்டபோது யாரோ சீனப் பெண் மலாய் பேசுவது போலத்தான் எனக்கே இருந்தது.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். முகம் வெளுத்து, கைகளைத் தொங்கப்போட்டு நின்றிருந்தார். வாய் திறக்கவில்லை. ஆனால் அவர் கால் ஒரு எட்டு முன்னால் போனது. அவளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால் இவரும் பின்னாலேயே போவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வீங்கிய முட்டியோடு நான் தனியாகத் தோட்டத்துக்குப் போவேன். இவர் ராத்திரி முழுக்க அவளுக்காக ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பார். அது மட்டும் நடக்கக்கூடாது என்று நினைத்தேன். பாக்கியத்தைக் காப்பாற்றவேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்காதீர்கள்.

"அடிக் இப்பார் சாயா" என்றேன் சத்தமாக. என் நாத்தனார். "அனாக் அங்காட், தோக்." வளர்ப்புப் பிள்ளை.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரும்தான். கார்ப்பரல் அந்தத் தமிழ்ப் பையனைக் கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னார்.

"நெசமா நாத்தனாரா?" என்றான் அவன்.

"ஆமா தம்பி. எங்க சின்ன மாமனாரு எடுத்து வளத்த பொண்ணு. இவருக்குத் தங்கச்சி முறை."

அவன் பாக்கியத்திடம் திரும்பினான். "எங்க, நீ தமிழ்ல பேசு பாப்போம்."

பாக்கியம் உதட்டை அசைத்தாள். "ஆ... ஆமாங்க" என்று ஏதோ முணுமுணுத்தாள். கார்ப்பரல் அவள் கையைப் பிடிக்கக் கான்ஸ்டபிளுக்குச் சைகை காட்டினார். எனக்கு எங்கிருந்து வந்ததோ, அவ்வளவு நேரம் அடக்கிவைத்ததெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது.

"வாயத் தெறடி! சின்சே கடையில மட்டும் கெக்கெக்கேன்னு சிரிக்கத் தெரிஞ்சுதுல்ல? நான் ஊசியோட உள்ள கெடக்கேன், நீ வெளிய உக்காந்து கும்மாளம் போடுற! பஸ்ஸில அந்தப் பேச்சு பேசுன, இப்ப நாக்கு எங்க போச்சு? மாங்கா அடிச்ச கதய இவங்ககிட்டச் சொல்லேன்!"

அவள் முகம் சிவந்தது. "யாருடி கும்மாளம் போட்டா?" என்று ஆரம்பித்தாள். ஆரம்பித்தவள் நிற்கவில்லை. "உனக்கு முட்டி நோவுதேன்னு ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு வந்தேன் பாரு, என்ன செருப்பால அடிக்கணும்! உன் புருஷன் யாருக்குடி வேணும்? நீயே வச்சுக்க, உப்பு போட்டு ஊறவச்சுக்க! சீனச்சி நம்ம வீட்டுக்கு ஆகாதுன்னு உன் மாமியா என்னை வாசப்படில வச்சுச் சொல்லுச்சு. அப்ப இந்த ஆளு வாயில என்னா, கொழுக்கட்டையா இருந்துச்சு? பக்கத்துலதான நின்னாரு! ஒரு வார்த்த சொன்னாரா? இன்னைக்கும் பாரு, மரம் மாதிரி நிக்கிறாரு!"

அந்தத் தமிழ்ப் பையன் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். கார்ப்பரலிடம் மலாயில் சொன்னான், "தோக், இது உண்மையான நாத்தனார்தான். எங்க வீட்டிலும் இதே சண்டைதான்." பஸ்ஸில் வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். கார்ப்பரலும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கார்டைத் திருப்பிக் கொடுத்தார். போ, போ என்று கையை ஆட்டினார்.

வளர்ப்புப் பெண்ணை மாமியார் ஒதுக்கிவைத்த குடும்பச் சண்டை என்றுதான் அவர்களுக்குப் புரிந்திருக்கும். அவள் சொன்னது என்ன என்று புரிந்தது எங்கள் மூன்று பேருக்குத்தான். அவர்களுக்குள் ஏதோ இருந்தது என்று இரண்டு வருஷமாகச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்போது சந்தேகம் போய்விட்டது. போனால் நிம்மதியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் பாக்கியம் நகர்ந்து என்னோடு ஒட்டிக்கொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்துக்கொள்ளவில்லை. புக்கிட் செலம்பாவில் இறங்கும்போது, "வரேன் அண்ணி" என்றாள். கேலியா, நன்றியா என்று தெரியவில்லை. அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

செம்மண் சாலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தவரிடம், "அவ சொன்னது நெசமா?" என்று கேட்டேன்.

சைக்கிளை ஒரு பள்ளத்தைச் சுற்றித் தள்ளினார். பிறகு, "நெசம்தான்" என்றார்.

"ஏன் அன்னைக்குப் பேசல?"

"தெரியல. ஆத்தா அழுதுச்சு. எனக்கு வாய் வரல."

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குக் கோபம் இரண்டாக வந்தது. அவளை விரும்பினாரே என்று ஒன்று. அவ்வளவு விரும்பியவளுக்கே வாய் திறக்காதவர் எனக்காக எங்கே திறக்கப்போகிறார் என்று இன்னொன்று. இரண்டாவதுதான் அதிகம் சுட்டது.

அடுத்த தடவை ஊசிக்கு நானே முடிவு செய்தேன். அவர் வேலைக்குப் போகட்டும், நானும் பாக்கியமும் மட்டும் போகிறோம் என்றேன். சின்சேக்கு மலாய் தெரியும், நான் தனியாகவே போயிருக்கலாம். ஆனால் அவளையும் அவரையும் ஒரே ஊரில் விட்டுவிட்டு நான் பத்து மைல் தள்ளிப் போக எனக்கு மனசு வரவில்லை. இப்படியாக மீதி ஐந்து தடவையும் நாங்கள் இரண்டு பேரும்தான் போனோம். மூன்றாவது தடவையிலிருந்து வீக்கம் நன்றாக வற்றியது. முட்டிச் சில்லு கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. நான்காவது தடவை சின்சே அந்த இலைச் சுருட்டைப் பற்றவைத்துச் சூடு காட்டினார். அந்தப் புகை நாற்றம் சேலையில் இரண்டு நாள் இருக்கும், பழைய துணி கட்டிக்கொண்டு போவது நல்லது. படுத்துக் கிடக்கிற அரை மணி நேரமும் பாக்கியம் திரைக்கு உள்ளேயே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். என்ன பேசிக்கொண்டோம் என்று அவர் பல தடவை கேட்டார். நான் சொல்லவே இல்லை. அவர் முகம் சுருங்கியதைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் இனித்தது.

ஐந்தாவது தடவை போய்வந்த மறுநாள் காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன்னால் பேர் கூப்பிடும் இடத்தில், அது நடந்தது. கங்காணி என் பேரைக் கூப்பிடாமல் தாண்டினார். பிறகு எல்லோர் முன்னாலும், "மாணிக்கம், ஒன் பொஞ்சாதி பேர வெட்டியாச்சு. கிராணி சொல்லிட்டாரு" என்றார். நான் வேலியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தேன். அவர் வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டு மரத்துக்குப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

போகவில்லை. "வெட்டக்கூடாது" என்றார்.

கங்காணிக்கே ஆச்சரியம். "என்னாது?"

"முட்டி ஆறிக்கிட்டு வருது. இன்னும் ஒரு வாரம் போதும். அதுவரைக்கும் அவ நிரையில பாதிய நான் சேத்து வெட்டுறேன். வேலக்கி வந்து விழுந்த முட்டி அது, வீட்ல விழுந்தது இல்ல. கிராணிகிட்ட நானே பேசுறேன், வாங்க."

நிஜமாகவே போனார். தோட்டத்துக் கணக்கரான கிராணியின் ஆபீஸ் வாசலில் நின்று அவர் பேசியது பெரட்டுக் களம் வரை கேட்டது. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. என் பேர் திரும்ப வந்தது. அடுத்த வாரம் நான் வேலைக்குப் போனேன், முதலில் சமவெளி மரம், பிறகு மேடு.

அன்றைக்கு நான் பூரித்துப்போயிருக்க வேண்டும். பூரித்தேன்தான். ஆனால் அவர் பேசிக்கொண்டிருந்தபோதே எனக்கு ஒன்று உறைத்தது. இந்த வாய் திறந்தது என்னால் இல்லை. ரோட்டில் பத்துப் பேர் முன்னால் அவள் கேட்ட கேள்விதான் இதைத் திறந்தது. எனக்குக் கிடைத்ததில்கூட அவள் பங்கு இருந்தது.

சரி, போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். புக்கிட் செலம்பாவிலிருந்து சுங்கைப் பட்டாணிக்கு இப்போது காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. ஊசி வைப்பவர் முறையாகப் பதிந்தவரா என்று கேளுங்கள். ஒரு தடவை பயன்படுத்தித் தூக்கிப்போடும் ஊசியை உங்கள் கண் முன்னால் உறை பிரிக்கச் சொல்லுங்கள். இரத்தம் இளக மாத்திரை சாப்பிடுபவர்களும் கர்ப்பிணிகளும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மூட்டு சிவந்து, சுட்டு, காய்ச்சலும் இருந்தால் ஊசிக்கு ஓடாதீர்கள், முதலில் ஆஸ்பத்திரி. தளர்ந்த துணி போடுங்கள். ஒரே தடவையில் ஆறும் என்று எதிர்பார்க்காதீர்கள். என் முட்டியை ஆற்றியது ஊசியா, கறுப்புப் பத்தா, வேலைக்குப் போகாத ஓய்வா என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வலி குறைந்தது, வீக்கம் வற்றியது, அது உண்மை. மழைக்காலத்தில் இன்றும் லேசாக முணுமுணுக்கும், அதுவும் உண்மை.

பாக்கியம் அடுத்த வருஷம் ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு கூலிம் பக்கம் போனாள். தீபாவளிக்கு வருவாள், நாங்களும் போவோம். அவள் பிள்ளைகள் என்னை அத்தை என்றார்கள். என் வீட்டுக்காரர் இறந்தபோது முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். வந்தவள் உடம்புக்குப் பக்கத்தில் வரவில்லை, கூட்டத்துக்குப் பின்னால் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டாள். சத்தம் போட்டு அழுதது நான்தான். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, சத்தமே இல்லாமல், சாயங்காலம் வரை அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்து எனக்கு அந்தத் துக்கத்திலும் பொறாமையாக இருந்தது.